காசநோய்க் கிருமியைக் காட்டிக்கொடுத்த துணிச்சாயம்

மைக்ராஸ்கோப் வந்த பிறகும் கிருமியைப் பார்ப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. இருக்கும், ஆனா கண்ணுக்குப் பிடிபடாது. இதுக்கு வழி கிடைச்சது எங்கேன்னா, துணிக்குச் சாயம் போடுற தொழிலில்.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் தாரிலிருந்து கிடைக்கும் அனிலினை வைத்து ஊதாச் சாயம் செய்தார். பின்னால் ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைகள் பெருகின. 1876இல் அங்கே மெத்திலீன் நீலம் பிறந்தது.

அந்த நீலத்தை ராபர்ட் காக் கையில் எடுத்தார். ஏழு சாவுகளில் ஒன்று காசநோயால் என்று அவர் கணக்குச் சொன்ன காலம் அது. நீலத்தோடு காரம் சேர்த்து 24 மணி நேரம் ஊறவைச்சார். அப்புறம் பழுப்புச் சாயம் போட்டார். பழுப்புத் திசுவுக்கு நடுவே மெல்லிய நீலக் குச்சிகள்! 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இதை அறிவித்தார்.

அந்தக் கூட்டத்தில் 28 வயது பால் எர்லிக் உட்கார்ந்திருந்தார். சில வாரங்களிலேயே இதைவிட விரைவான முறையைக் கொண்டுவந்தார். சாயம் ஏற்றிய பிறகு அமிலத்தில் கழுவணும். மற்றதெல்லாம் வெளுத்துவிடும், காசநோய்க் கிருமி மட்டும் நிறத்தை விடாது. அதன் சுவரில் மெழுகு மாதிரி கொழுப்பு இருக்கு. சாயம் உள்ளே போவதும் கஷ்டம், போயிட்டா வெளியே வருவதும் கஷ்டம்.

சில ஆண்டுகள் கழித்து எர்லிக்கின் சளியிலேயே அந்தக் கிருமி தெரிந்தது. காட்டிக்கொடுத்தது அவருடைய முறைதான். ஆனா மருந்து? அப்போ எதுவும் இல்லை. எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்தார், 1889இல் திரும்பினார், பிழைத்துக்கொண்டார். காசநோயை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் வந்தது. கிருமி தெரிந்தும் அறுபது வருஷம் அதைக் கொல்ல முடியலை.

அப்போ பார்த்ததால் என்ன லாபம்? ரெண்டு லாபம். யாரிடமிருந்து நோய் பரவுதுன்னு சொல்ல முடிஞ்சது. இன்னொன்று, கிருமியில் மட்டும் ஒட்டுற சாயம் இருந்தா, கிருமியை மட்டும் தாக்குற மருந்தும் இருக்கலாமே என்ற யோசனை எர்லிக்குக்கு வலுத்தது. 1891இல் மெத்திலீன் நீலத்தையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1910இல் சிபிலிஸுக்கு சல்வர்சான் வந்தது அந்தப் பாதையில்தான்.

எர்லிக்கின் முறையை சீல், நீல்சன் என்ற இருவர் திருத்தினார்கள். நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டுகளாகச் சளிப் பரிசோதனை நடந்தது அந்தத் திருத்திய முறையில்தான். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி தெரிஞ்சா, அன்னைக்கே சிகிச்சையைத் தொடங்கலாம். எர்லிக்குக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.