கடைவீதியின் வரவு செலவுத் திட்டம்

சென்னை கே.கே. நகரின் சாலைகளுள் ஒன்று ஆர்.கே. சண்முகம் சாலை. நாள்தோறும் அவ்வழியே செல்வோருள் அப்பெயருக்குரியவர் யாரென எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 1892-இல் கோவையில் பிறந்து, 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கி, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரே அவர். சிலப்பதிகாரத்திற்கு உரை வரைந்த தமிழன்பரும் ஆவார். மளிகைக் கடைகளும், மருந்துக் கடைகளும், தையற்கடைகளும், உணவகங்களும் நிறைந்த ஒரு நகரில் நிதியமைச்சரின் பெயர் விளங்குவது மிகப் பொருத்தமானதே. எங்ஙனம் என்பதைக் காண்போம்.

1947 நவம்பர் 26-ஆம் நாள் அவர் நாடாளும் அவையில் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். அன்றைய நாட்டின் நிலையை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பிரிவினையின் குருதி இன்னும் உலரவில்லை. இலட்சக்கணக்கான அகதிகள் வந்த வண்ணம் இருந்தனர். உணவுத் தட்டுப்பாடு வாட்டியது. ஆகஸ்ட் 15 முதல் அடுத்த மார்ச் 31 முடிய ஏழரை மாதங்களுக்கே அத்திட்டம் தீட்டப்பட்டது. 'இவ்வளவு குழப்பத்தில் கணக்கென்ன வேண்டிக் கிடக்கிறது?' என்று அவர் இருந்துவிடவில்லை. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 26.24 கோடி துண்டு விழும் என்பது முன்னதாகவே தெரிந்தது. துண்டு விழுவதில் வெட்கமில்லை. அது விழப்போவதை அறியாதிருப்பதே ஆபத்து. திட்டமிடுதலின் உட்பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அரபு மொழியில் திட்டமிடுதலைக் குறிக்கும் சொல் 'தத்பீர்' என்பதாகும். பின்புறம், முடிவு எனப் பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒரு செயல் எங்கே போய் முடியும் என்பதைத் தொடங்குமுன்னரே நோக்குவது தத்பீர். வணிகத்தில் இதனை வற்புறுத்திய பெரியார் பலர். அவர்களுள் அபுல் ஃபள்ல் ஜஅஃபர் அத்திமிஷ்கி என்பார், ஏறத்தாழ எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், வணிகத்தின் நற்கூறுகளைப் பற்றித் தனியொரு நூலே யாத்தார். வணிகரை அவர் மூவகையினராகப் பிரிக்கின்றார். சரக்கை வாங்கி இருப்பு வைத்து விற்பவர் 'கஸ்ஸான்'. ஊர்விட்டு ஊர் சென்று வாங்கி விற்பவர் 'ரக்காள்'. தாம் ஓரிடத்திலிருந்து கொண்டே முகவர் வாயிலாகப் பிற ஊர்களுக்குச் சரக்கனுப்புபவர் 'முஜஹ்ஹிஸ்'. இருப்பு வைப்பவர் தம் முதலை ஒரே கொள்முதலில் முடக்கிவிடாது, காலம் விட்டுப் பல தவணைகளில் வாங்க வேண்டும் என்கிறார். பயணம் செல்பவரோ தம் ஊரின் விலைப்பட்டியலை எழுதிக் கையோடு கொண்டு செல்ல வேண்டுமாம். அயலூரில் மலிவாகத் தோன்றும் பொருள், சுங்கமும் கூலியும் சேர்ந்தபின் மலிவாக இருக்குமா என்பதை அப்பட்டியலன்றோ காட்டும்? கைப்பேசியில் விலை பார்த்துக் கொள்முதல் செய்யும் இன்றைய கடைக்காரருக்கும் இவ்வறிவுரை பழையதாகிவிடவில்லை.

நம் தமிழகக் கடற்கரையும் இத்தகைய முன்னோக்கைக் கண்டதே. பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டி நாட்டிற்கு அனுப்பப்பட வேண்டும் என்ற உடன்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார். கடற்பயணத்தில் குதிரை இறந்துபட்டாலும் அதன் விலை அரசுக் கருவூலத்திலிருந்து கொடுக்கப்படும். எண்ணிக்கை என்ன, விலை என்ன, நட்டம் யாரைச் சாரும் என்னும் மூன்றும் கப்பல் பாய் விரிக்குமுன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தன. அது பெருவணிகம் என்பது உண்மையே. ஆயினும் இரு சகோதரர் கூடி ஒரு சிறு கடை திறக்கும்போதும் இம்மூன்றாம் கேள்வியைக் கேட்டாக வேண்டும். 'நமக்குள் என்ன எழுத்து?' என்று தொடங்கிய கூட்டு வணிகங்கள் மனக்கசப்பில் முடிந்ததை நாம் எத்தனை குடும்பங்களில் கண்டிருக்கிறோம்! திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை இங்கே நினைவுகூர்வது நலம்.

மீண்டும் கே.கே. நகருக்கு வருவோம். மனை பிரித்து, சாலை வகுத்து, வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு எழுப்பிய நகர் அது. அதற்குத் தெற்கே அடையாற்றைக் கடந்தால் ஈக்காட்டுத்தாங்கல். அதையடுத்துக் கிண்டித் தொழிற்பேட்டை. காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-இல், ஏறத்தாழ 404 ஏக்கரில் உருவான அப்பேட்டை இந்திய நாட்டின் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. திரு.வி.க. பெயரைத் தாங்கி நிற்பது. கைத்திறன் மிக்க ஒருவர் சிறு பட்டறை வைக்க விரும்பினால் நிலம், கட்டடம், மின்சாரம், சாலை ஆகியவற்றிற்கே அவருடைய முதல் கரைந்துபோகும். அந்தச் சுமையை அரசு தாங்கிக்கொண்டால் அவர் தம் பணத்தை இயந்திரத்திலும் மூலப்பொருளிலும் இடலாம். இதுவே தொழிற்பேட்டையின் தத்துவம். எனினும், அரசு இடம் வகுத்துத் தரலாம். பட்டறைக்குள் கணக்கெழுதித் தராது. அது உரிமையாளர் தாமே செய்ய வேண்டிய வேலை.

அந்த வேலை எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கடையில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் விற்பனை என்று கொள்வோம். விற்ற சரக்கின் கொள்முதல் 8,500, மிச்சம் 1,500. வாடகைக்கு 500, மின்சாரத்திற்கு 100, உதவியாள் கூலி 500 போக எஞ்சுவது 400. ஆனால் கடைக்காரர் வீட்டுச் செலவிற்கென நாள்தோறும் கல்லாவிலிருந்து 650 எடுக்கிறார். 250 ரூபாய் முதலிலிருந்து போகிறது. கல்லாவில் எப்போதும் பணம் புரள்வதால் அது அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு இலட்சம் ரூபாய் முதல் 400 நாட்களில், அதாவது பதின்மூன்று மாதங்களில், தீர்ந்துவிடும். பிறகு 'கண்ணேறு பட்டது' என்பார். 'காலம் சரியில்லை' என்பார். முதல் வாரத்திலேயே ஒரு நாளேட்டில் எழுதியிருந்தால் அந்த 250 ரூபாய் வெளிப்பட்டிருக்கும். வீட்டுச் செலவைச் சுருக்கவோ விற்பனையைப் பெருக்கவோ அவகாசமும் கிடைத்திருக்கும்.

நம்மவர்க்கு இதில் தனியொரு வாய்ப்பும் உண்டு. வணிகச் சரக்கிற்கு ஆண்டுக்கொரு முறை ஜகாத் கணக்கிட வேண்டியவர் நாம். நாற்பதில் ஒரு பங்கைப் பிரிக்க வேண்டுமாயின் சரக்கிருப்பு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும். நம் முன்னோர் ஐந்தொகை என்று குறித்த கணக்கும் ஏறக்குறைய இதுவே. குத்துமதிப்பாக ஒரு தொகையைக் கொடுத்து விடுபவர் கடமையிலும் ஐயத்திற்கு இடம் வைக்கிறார். வணிகத்தின் உண்மை நிலையை அறியும் வாய்ப்பையும் இழக்கிறார்.

வாட்டமான காலத்திற்கென ஒதுக்கி வைப்பதும் திட்டத்தின் ஓர் உறுப்பே. ஏழாண்டு விளைச்சலில் உண்டது போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைத்து, பின்வந்த ஏழாண்டுப் பஞ்சத்தினின்றும் எகிப்தைக் காத்த நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் பகுதிகளில் வீடுகளோடு கடைகளும் பட்டறைகளும் நீரில் மூழ்கின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதோ நீரின்றியே கடைகள் மூடிக்கிடந்தன. இரண்டும் சொல்லிக்கொண்டு வந்தவை அல்ல. மூன்று மாத வாடகையும் கூலியும் தனியே வைத்திருந்தவர்க்கும், அன்றாட விற்பனையையே நம்பியிருந்தவர்க்கும் அந்நாட்கள் ஒரே அளவில் கழிந்திரா.

ஆகவே கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விழைவது சிலவே. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலவாதீர். உரிமையாளரும் தமக்கெனச் சம்பளம் ஒன்றைக் குறித்து அதையே எடுத்துக் கொள்க. கூட்டு வணிகத்தில் நட்டத்தின் பங்கை முதலிலேயே எழுதுக. சரக்கைத் தவணையில் வாங்குக. மாதந்தோறும் சிறிதேனும் ஒதுக்குக. இவற்றிற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நாள்தோறும் கடையடைக்குமுன் கால் மணி நேரமும் ஒரு குறிப்பேடும் போதும். பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ அருகமர்ந்து எழுதினால் அவர்களுக்கும் அதுவே நல்லதொரு பாடமாகும்.

முயற்சி நம்முடையது, பலன் இறைவன் கையில் உள்ளது. அந்த முயற்சியில் முதற்படி, நம் கையில் இருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதேயாகும்.