கடல் கொன்றதா?

தட்டிலே வைத்த மீன் மணக்கிறது. உண்பவர் உவகை கொள்கிறார். அந்த மீனைப் பிடித்து அனுப்பியவன் வீடு திரும்பினானா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்பதில்லை. கேட்டவர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் பட்டம் பெற்ற பண்டிதர்கள் அல்லர். அரசாளும் மன்றத்தில் அமர்ந்தோரும் அல்லர். மீன் தோலை உரித்துக் கூலி பெற்ற பெண்டிரும், கடலோடிகளின் மனைவியரும்! அவர்கள் கேட்ட கேள்வியின் வரலாற்றையே இங்கே காண்கிறோம்.

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் புறத்தில், ஹம்பர் கழிமுகத்தின் வடகரையில் இருக்கிறது ஹல் துறைமுகம். 1960-களில் அங்கிருந்து இழுவலைக் கப்பல்கள் வடக்கு நோக்கிச் செல்லும். ஐஸ்லாந்தின் கரையோரம், நார்வேயின் வடமுனை, அதற்கும் அப்பால் பேரண்ட்ஸ் கடல் வரை செல்லும். காட் மீன் கூட்டம் அங்கேதான் உண்டு. ஒரு பயணத்துக்கு மூன்று கிழமை. கரையிலே இளைப்பாற மூன்றே நாள். பிறகு மீண்டும் கடல். அந்த மூன்று நாளில், உயிரைப் பணயம் வைத்து ஈட்டியதை அவன் வாரி இறைப்பான். 'மூன்று நாள் இலட்சாதிபதி' என்று ஊரார் அவனைக் கேலி பேசுவர். நான்காம் நாள் விடியுமுன்னரே அவன் கப்பலில் இருப்பான்.

மீனவக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த தெரு ஹெசல் சாலை. குளிர் காலத்து நள்ளிரவில் அத்தெருவில் மரக்காலணிகளின் ஓசை கேட்கும். வந்து நிற்கும் கப்பலிலிருந்து மீனை இறக்கும் தொழிலாளர் துறைமுகத்துக்கு நடக்கும் ஓசை அது. பொழுது புலர்ந்ததும் ஏலம். பின்னர் பெண்களின் முறை! பனிநீரில் விரல் விறைக்க மீனை அறுப்பர், தோலுரிப்பர், புகையூட்டும் கூடங்களில் கம்பிகளில் கோத்துத் தொங்கவிடுவர். வீட்டில் இருப்போரும் வலை பின்னுவர். வெள்ளிக்கிழமை வந்தால், கடலில் உள்ள கணவனின் கூலியில் ஒரு பகுதியைப் பெற மனைவி கப்பல் முதலாளியின் அலுவலகத்து வாயிலில் காத்து நிற்பாள். மீன் மிகுந்தால் பங்கு கிடைக்கும். குறைந்தாலோ, மூன்று கிழமை பாடுபட்டவன் கடன்காரனாகக் கரையேறுவதும் உண்டு.

அச்சம் குடியிருக்கும் இடத்திலே மூடநம்பிக்கையும் குடிபுகுவது இயல்பன்றோ? கணவன் கடலேறும் நாளில் மனைவி துணி துவைக்கலாகாது. துவைத்தால் அலை அவனை அடித்துச் சென்றுவிடுமாம்! வழியனுப்பத் துறைமுகத்துக்குப் பெண் வரலாகாது. கையசைத்து விடைகொடுத்தலும் ஆகாது. பச்சை நிறம் தீமை. பன்றி என்ற சொல்லைக் கப்பலில் உச்சரித்தாலே கேடு. இவற்றையெல்லாம் தவறாது காத்தனர். காத்தும் கப்பல்கள் மூழ்கின! துணி துவைக்காதிருந்த மனைவியரும் கைம்பெண்களாயினர். அப்போதும் 'விதி' என்றனர். 'கடல் தன் பங்கைக் கேட்கிறது' என்றனர். விதியின்மீது பழி விழுந்தபோதெல்லாம், பழிக்கு உரியவர் விலகி நின்றனர்.

உண்மை என்ன? தை, மாசித் திங்களில் ஐஸ்லாந்தின் வடகடலில் காற்று சீறும். அலை தெறித்து மேலே விழும் நீர், விழுந்த இடத்திலேயே உறையும். பாய்மரக் கம்பம், கயிறு, கைப்பிடிக் கம்பி, வானொலிக் கம்பி அனைத்தின்மீதும் பனிக்கட்டி ஏறும். டன் கணக்கில் ஏறும். மேற்புறம் கனத்த கப்பல் சாயும், சாய்ந்தது நிமிராது. ஆகவே கோடரியும் சுத்தியலும் கொண்டு இரவு பகலாகப் பனியை உடைப்பர். மீன் கிடைக்கும் நாளில் பதினெட்டு மணி நேரம் வேலை செய்து களைத்த கைகள் அவை. அவர்களுள் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவரும் இருந்தனர்.

இந்த ஆபத்து எவரும் அறியாததா? 1955 ஜனவரி 26 அன்று, லொரெல்லா, ரொடெரிகோ என்ற இரு ஹல் கப்பல்கள் ஐஸ்லாந்தின் வடக்கே பனிப்பாரத்தால் கவிழ்ந்தன. 40 பேர் மாண்டனர். விசாரணை நடந்தது, ஏடுகள் எழுதின, இரங்கல் கூறினர். பின்னர்? கப்பல்கள் முன்போலவே புறப்பட்டன!

பதின்மூன்று ஆண்டு கழிந்தது. 1968 ஜனவரி 10. செயின்ட் ரொமேனஸ் என்ற கப்பல் 20 பேருடன் புறப்பட்டது. அதில் வானொலி இயக்குவதற்கெனத் தனி ஆள் இல்லை. தனி ஆளை வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்றிரவுக்குப் பிறகு அக்கப்பலின் குரல் கேட்கவில்லை. காணவில்லை என்ற எச்சரிக்கை எழுந்ததோ ஜனவரி 26 அன்று! இரண்டு கிழமைக்கு மேல் 20 உயிர்களைப் பற்றிக் கேட்க எவரும் இல்லை. அந்த 26-ஆம் நாளிலேயே, அதே ஜனவரி 10-இல் புறப்பட்ட கிங்ஸ்டன் பெரிடாட், ஐஸ்லாந்தின் வடகரையில் பனிப்பாரத்தோடு போராடுவதாகச் செய்தி அனுப்பியது. அதுவே அதன் கடைசிச் செய்தி. அதிலும் 20 பேர்.

ஹெசல் சாலையின் பெண்கள் அழுதனர். ஆனால், அழுகையோடு நிற்கவில்லை. லிலியன் பிலோக்கா என்ற பெண் எழுந்தார். மீன் தோலுரிக்கும் கூடத்தில் கூலிக்கு உழைத்தவர் அவர். கிறிஸ்ஸி ஜென்சன், மேரி டென்னஸ், இவோன் பிளென்கின்சாப் ஆகியோர் அவரோடு தோள் சேர்ந்தனர். வீடு வீடாக ஏறி இறங்கினர். 10,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் உருவாயிற்று. பிப்ரவரி 2 அன்று கூட்டம் கூடிற்று, பெண்கள் அணிவகுத்தனர். எங்கே? பெண் கால் வைக்கலாகாது என்றிருந்த அதே துறைமுகத்துக்கு! மறுநாள் விடியலில் லிலியன் துறையின் விளிம்பில் நின்றார். வானொலி ஆள் இன்றிப் புறப்பட்ட கப்பலில் பாய்ந்தேற முயன்றார். காவலர் பிடித்து நிறுத்தினர். பெண் வந்தால் கப்பலுக்குக் கேடு என்றிருந்தனர். கப்பலைக் கேட்டிலிருந்து காக்கப் பெண்ணே வந்தாள்!

பிப்ரவரி 4 இரவு மூன்றாம் இடி விழுந்தது. ஐஸ்லாந்தின் வடமேற்கே வளைகுடாவொன்றில் புயலுக்கு ஒதுங்கியிருந்த ராஸ் கிளீவ்லண்ட் பனியேறிக் கவிழ்ந்தது. தலைவர் ஃபில் கே, கப்பல் சாய்கிறது என்றும், மனைவி மக்களுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள் என்றும் வானொலியில் கூறிக்கொண்டே மூழ்கினார். மிதவையில் ஏறிய மூவருள் ஹாரி எடம் ஒருவரே உயிரோடு கரை சேர்ந்தார். மூன்று கப்பல்களிலும் மாண்டோர் 58 பேர்.

பெண்கள் இலண்டன் சென்றனர். பிப்ரவரி 6 அன்று அமைச்சரைக் கண்டனர். கேட்டவை எவை? ஒவ்வொரு கப்பலிலும் வானொலி ஆள்; முறையான வானிலைச் செய்தி; பயிற்சி பெற்ற பணியாளர்; மருத்துவ வசதியுடன் துணை செல்லும் தாய்க்கப்பல். விண்ணுலகைக் கேட்கவில்லை, விலைக்கு வாங்கக் கூடியவற்றையே கேட்டனர். ஆண்டுக்கணக்கில் ஆகாதது அன்று ஆயிற்று! 88 பாதுகாப்பு ஏற்பாடுகள் ஏற்கப்பட்டன. அந்த ஆண்டின் குளிர் காலத்திலேயே ஆர்சினோ என்ற துணைக்கப்பல் ஐஸ்லாந்துக் கடலுக்குச் சென்றது.

வென்றவருக்கு ஊர் மாலை சூட்டியதா? லிலியன் வேலையை இழந்தார். மீன் தொழிலில் வேறெவரும் அவருக்கு வேலை தரவில்லை. 'ஆண்களின் தொழிலில் பெண்ணுக்கு என்ன வேலை?' என்ற வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் குவிந்தன. வறுமையைக் கண்டு, 1988-இல் மறைந்தார். இன்று அதே ஊர் அவருக்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறது. சுவரில் அவர் உருவம் தீட்டியிருக்கிறது. உயிரோடிருந்தபோது கல், மறைந்த பின் கல்வெட்டு!

கடல் அதன்பின் அடங்கிவிட்டது என்று நாம் கூறவில்லை. 1974 பிப்ரவரியில் கால் என்ற கப்பல் 36 பேரோடு மூழ்கிற்று. புயலை ஒழிக்கும் சட்டம் எவரிடமும் இல்லை. ஆனால், புயலிலே தனித்து விடப்படாதிருக்கச் சட்டம் செய்ய முடியும் என்பதைப் பெண்கள் மெய்ப்பித்தனர். நிலத்திலும் ஒரு புயல் காத்திருந்தது. ஐஸ்லாந்து தன் கடலெல்லையை 200 மைலாக விரித்தது. 1976-இல் ஹல் மீனவரின் தொழில் சரிந்தது. வேலை இழந்தவர் இழப்பீடு கேட்டனர். 'நீங்கள் நிலையான தொழிலாளர் அல்லர். பயணத்துக்குப் பயணம் அமர்த்தப்பட்ட தற்காலிக ஆட்கள்' என்று விடை வந்தது! இருபது, முப்பது ஆண்டு கடலில் வாடியவன் தற்காலிக ஆளாம். இழப்பீட்டுத் திட்டம் பிறந்தது 2000-இல். அதற்குள் எத்தனை பேர் கண்மூடினர்!

கடல் கொன்றதா? கொன்றது. ஆனால், வானொலிக்கு ஓர் ஆளை வைக்காதது கடல் அன்று. இரண்டு கிழமை கப்பலைத் தேடாதது காற்று அன்று. 1955-இன் பாடத்தை மறந்தது பனிக்கட்டி அன்று. மனிதரின் பொறுப்பை இயற்கையின் தலையில் ஏற்றும் சொல்லுக்கே விதி என்று பெயர். ஹெசல் சாலையின் பெண்கள் அச்சொல்லை ஏற்க மறுத்தனர். மறுத்த நாளிலிருந்து உயிர்கள் பிழைத்தன. அடுத்த முறை தட்டிலே மீன் மணக்கும்போது, அந்தப் பெண்களின் கேள்வியை நாமும் கேட்போம்: பிடித்தவன் வீடு திரும்பினானா?