சேலம் கைமாறிய காட்சி

பழைய செப்புத்தகட்டுச் சித்திரங்களைத் தேடிச் சேர்ப்போர் கண்ணில் அடிக்கடி படுவது ஒரு காட்சி: திப்பு சுல்தானின் மைந்தர் இருவரைக் கார்ன்வாலிஸ் பிரபு பிணையாக ஏற்றுக்கொள்வது. அதை வாங்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் சேலத்து அன்பர் ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். அத்தாளில் இருப்பது அவருடைய மண் கைமாறிய கதை.

கி.பி. 1792 பிப்ரவரி 26. ஹிஜ்ரி 1206 ரஜப் மாதத் தொடக்கம். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின் முடிவில் அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்னும் சிறுவர் இருவரும் கம்பெனியின் பாசறைக்கு வந்தனர். மூத்தவருக்கு வயது பத்தளவே. பிரபு அவர்களை அணைத்து வரவேற்று ஆளுக்கொரு பொற்கடிகாரம் அளித்தார். மார்ச் 18-இல் உடன்படிக்கை முற்றுப்பெற்றது. சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. பாராமகால், சேலம், சங்ககிரி, நாமக்கல் யாவும் கம்பெனியின் பங்காயின. சித்திரங்களிலோ பரிவுமிக்க ஒரு முதியவர் குழந்தைகளின் கைபற்றி நிற்கிறார். நிலம் எங்கும் இல்லை.

இக்காட்சியைத் தீட்டியோருள் ராபர்ட் ஹோம் படையுடன் சென்றவர். ஓவியத்தின் ஓரத்தில் தம்மையும் வரைந்து கொண்டார். மாதர் பிரவுன் இலண்டனில் இருந்தே வரைந்தார். அவர் இந்தியாவைக் கண்டவரல்லர். ஆகவே சேகரிப்போர் முதலில் நோக்க வேண்டியது தாளின் அடிவிளிம்பை. இடப்புறம் ஓவியர் பெயர், வலப்புறம் செதுக்கியவர் பெயர், நடுவே வெளியிட்ட நாள். தகடு அழுந்திய பள்ளமும் விளிம்பில் தெரியும். உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளிவரிசை தென்பட்டால் அது பிற்கால இயந்திர அச்சு. எவ்வளவு விலை சொன்னாலும் விட்டுவிடுக.

மைசூர்த் தரப்பிலும் ஓவியம் உண்டு. 1780-இல் பொள்ளிலூரில் கம்பெனிப் படை முறியடிக்கப்பட்ட காட்சி தரியா தௌலத் மாளிகைச் சுவரை நிறைத்து நிற்கிறது. ஆனால் சுவர் பயணம் செய்யாது. தகட்டிலிருந்து எடுத்த படிகளோ கப்பல் ஏறின. வென்றவன் சொன்ன கதையே உலகெங்கும் வீடுகளில் தொங்கியது. அழகில் குறைந்ததன்று சுவரோவியம். படியெடுக்க வழியில்லாதது, அவ்வளவே.

1792-இலேயே தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் இவ்வழியே வந்து, ராயக்கோட்டை முதலிய பாராமகால் மலைக்கோட்டைகளை வரைந்தனர். பாறையும் வானமும் மெய்யாக அமைந்த அச்சித்திரங்களையே யான் மேலாக மதிக்கிறேன்.

எவரும் செதுக்காத காட்சி மற்றொன்று உண்டு. உடன்படிக்கைக்குப் பின் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இச்சமவெளியை ஊர் ஊராக அளந்து, உழவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்வை விதித்தனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய இரயத்துவாரி முறை இங்கே உருப்பெற்றது. கம்பெனி ஆட்சி நம் மண்ணில் வேரூன்றியது அந்த வயல்வரப்புகளில்தான். அதற்குச் சித்திரம் கிடையாது. 'பாராமகால் ஆவணங்கள்' என அச்சேறிய தொகுதிகள் உண்டு. பிணைச் சித்திரம் வைத்திருப்போர் அவற்றையும் அதனருகே வைக்கலாம்.