கட்டாயம் யாருக்கு? குழந்தைத் தடுப்பூசியும் சட்டத்தின் எல்லையும்

தட்டம்மை பரவும் வேகம் மற்றத் தொற்றுகளுக்கு எளிதில் வாய்க்காதது. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம். ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால்தான் அது அடங்கும். இந்தியாவில் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. அதுவரை கைக்குழந்தைக்குக் காவல், சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசிதான். ‘என் பிள்ளை, என் விருப்பம்’ என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது: ஒரு வீட்டின் மறுப்பு அடுத்த வீட்டுத் தொட்டிலைத் தொடுகிறது.

அப்படியானால் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திவிடலாமா?

இங்கிலாந்து 1853இல் அதைச் செய்து பார்த்தது. பிறந்த மூன்று மாதத்துக்குள் பெரியம்மைத் தடுப்பூசி போட வேண்டும் என்றது சட்டம். 1867ஆம் ஆண்டுச் சட்டம், மறுக்கும் பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிக்க வழிசெய்தது. வசதியுள்ளவர்கள் அபராதத்தைக் கட்டினார்கள்; ஏழைகளின் வீட்டுச் சாமான்கள் பறிமுதலாயின, சிலர் சிறைக்கும் போனார்கள். 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் பேரணியாகத் திரண்டனர். 1898இல் மனச்சான்றின் பேரில் விலக்குக் கோரும் உரிமையை அரசு ஏற்க நேர்ந்தது. தடுப்பூசி நல்ல மருந்து என்பதால் தண்டனையும் நல்ல வழி ஆகிவிடவில்லை.

இன்றைய சட்டங்கள் வேறு பாதையில் செல்கின்றன. டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின், கலிஃபோர்னியா 2015இல் சொந்த நம்பிக்கையின் பேரிலான பள்ளிச் சேர்க்கை விலக்கை நீக்கியது. தடுப்பூசி விகிதம் ஏறியது. கூடவே மருத்துவக் காரணம் காட்டும் விலக்குச் சான்றுகளும் பெருகின. 2019இல் அதையும் இறுக்க வேண்டியதாயிற்று. இத்தாலி 2017இல் கட்டாயத் தடுப்பூசிகளை 4இலிருந்து 10ஆக உயர்த்தியது. 2016இல் சுமார் 87 விழுக்காடாக இருந்த தட்டம்மை முதல் தவணை 2018இல் 93ஐத் தாண்டியது. செக் நாட்டு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஏப்ரலில், மிதமான அபராதமும் மழலையர் பள்ளியில் இடம் மறுப்பதும் உரிமை மீறல் ஆகாது என்றது. அந்நாட்டுச் சட்டம் யாருக்கும் வலுக்கட்டாயமாக ஊசி போடச் சொல்லவில்லை என்பதையும் அது கணக்கில் கொண்டது.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியுமா? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்கே சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2005-06இல் சுமார் 81 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி விகிதம், 2015-16இல் 70ஆகச் சரிந்தது. சரிவுக்கு இந்த மாற்றம் ஒன்றே காரணம் எனச் சொல்லிவிட முடியாது. ஆனால் பெற்றோரைத் தண்டிக்கும் சட்டம் இந்தச் சரிவைத் தடுத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவர்களிடம் இருந்தது பிடிவாதம் அல்ல, அச்சம். 2019-21இல் விகிதம் 89ஆக மீண்டது. பெற்றோரைத் தண்டிக்கும் புதிய சட்டம் எதுவும் இடையில் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கோவிட் தடுப்பூசி வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பொது நலன் கருதி, அளவுக்கு மீறாத கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடமே இங்கே பொருத்தமானது. பள்ளிச் சேர்க்கையில் தடுப்பூசி அட்டையைக் காட்டுவது கட்டாயமாகட்டும். விடுபட்ட தவணை இருந்தால் சேர்க்கையை மறுக்காமல் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ ஊசியைப் போட ஏற்பாடு செய்யட்டும். அரிதாக நேரும் பாதிப்புக்கு, யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமல், இழப்பீடு தரும் சட்டமும் வேண்டும். பிரிட்டன் 1979இலும் அமெரிக்கா 1986இலும் அதைச் செய்துவிட்டன.

சமூகத்தின் பாதுகாப்புக்காகப் பெற்றோர் பிள்ளையின் கையை நீட்டும்போது, ஊசி ஊர் தேடி வருவதையும் பாதிப்புக்கு ஈடு கிடைப்பதையும் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். கட்டாயம் முதலில் அரசுக்கே. அதை நிறைவேற்றிய பிறகே பெற்றோர் மீது அபராதம் பற்றிச் சட்டமன்றம் பேசலாம்.