பொன்மலைப் பணிமனையின் கதை



காவிரிக் கரையிலுள்ள நம் திருச்சிக்கு இருப்புப்பாதை நாகப்பட்டினத்திலிருந்து 1862இல் வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை மட்டும் நாகையிலேயே இருந்தது. 1928இல் அது பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, கடற்கரை ஊரைவிட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பல இங்கே குடிபெயர்ந்தன. வேலை எல்லாருக்கும் நிலைக்கவில்லை. ஆட்குறைப்பை எதிர்த்து அவ்வாண்டே ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மீண்டும் 1946 செப்டம்பர் 5ஆம் நாள், போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிர்நீத்தனர்.

1951இல் தென்னக ரயில்வே உருவானது. நீராவிக் காலம் மறைந்த பின்னும், ஊட்டி மலைப்பாதைக்கு நீராவி இன்ஜின்களைப் புதிதாகச் செய்து தந்தது பொன்மலையே.

இப்பணிமனை இரும்பால் மட்டும் எழுந்ததன்று. ஊரை விட்டு வந்தவர்களின் வியர்வையும், உரிமை கேட்டவர்களின் இரத்தமும் அதன் அடித்தளம். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.