ஜூரோங்குக்குப் புத்தகம் வந்த வழி

1961ஆம் ஆண்டில் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்குவது என்று சிங்கப்பூர் அரசாங்கம் தீர்மானித்தபோது அங்கே இருந்தவை சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களும் ஆங்காங்கே சில கம்பத்துக் கிராமங்களுமே. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் அந்தச் சாகசத்தை அவருடைய அசட்டுத்தனம் என்றே பரிகசித்தவர்களும் உண்டு. பரிகாசம் நிலைக்கவில்லை. 1962இல் இரும்பாலைக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. கப்பல் பட்டறை வந்தது, துறைமுகம் வந்தது, சரக்கு ரயில் தடம் வந்தது. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் ஸ்தாபிதமாயிற்று. 1971இல் பறவைப் பூங்காகூடத் திறக்கப்பட்டது. ஆனால் இத்தனை ஆலைகளில் முறைவேலை பார்த்த மனிதர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாசிப்பதற்கென்று முழு நேர நூல்நிலையம் ஒன்று ஜூரோங் ஈஸ்டில் எழும்பிய ஆண்டு 1988. பறவைகளுக்குப் புகலிடம் கிடைத்துப் பதினேழு ஆண்டுகள் கழித்தே புத்தகங்களுக்குக் கிடைத்தது என்று சொன்னால் அது குறும்பாகத் தோன்றலாம்; கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான்.

இந்தத் தாமதத்தின் காரணத்தை ஜூரோங்கில் மட்டும் தேடிப் பயனில்லை. 1845இல் நகரத்தில் தோன்றிய சிங்கப்பூர் நூல்நிலையம், பங்குதாரர்களும் சந்தாதாரர்களும் தங்களுக்குள் நடத்திக்கொண்ட ஒரு சபை போன்றதே. 1874இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்து, அரும்பொருளகத்துடன் இணைந்து ராஃபிள்ஸ் நூல்நிலையம் ஆன பிறகு, அங்கேயே உட்கார்ந்து வாசிப்பதற்குக் கட்டணமில்லை என்ற சலுகை கிடைத்தது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் சந்தா கட்டியாக வேண்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு இராத்திரியில் விளக்கடியில் அமர்ந்து வாசிக்க விரும்பும் ஒருவனுக்கு அந்தச் சலுகையால் என்ன பிரயோஜனம்? 1887இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் அந்த நூல்நிலையத்துக்குக் குவிமாடத்தோடு கூடிய கம்பீரமான கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே ஊரில், ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டு காரியங்களுக்கும் இடையே பெரிய சம்பந்தம் எதுவும் ஏற்பட்டுவிடவில்லை. அந்த மாளிகையின் அலமாரிகளில் பெரும்பாலும் ஆங்கில நூல்களே நிறைந்திருந்தன. பத்திரிகை வாசித்த தமிழர், பணமிருந்து சந்தா கட்டினாலும், தம் பாஷையில் என்ன எடுத்திருக்க முடியும்?

இந்த நிலையைக் குலைத்தவர் ஒரு ரப்பர் வியாபாரி. லீ கோங் சியான் 1903இல், பத்து வயதுச் சிறுவனாகச் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். நம்மவர் விசேஷமாக அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அவருடைய பாலியத்தில் இருக்கிறது: அவர் இங்கே படித்த பள்ளிகளில் சிராங்கூன் சாலையில் இருந்த ஆங்கிலோ-தமிழ்ப் பாடசாலையும் ஒன்று. பின்னாளில் பெருஞ்செல்வராகிய அவர், 1953இல், இலவசப் பொது நூல்நிலையம் ஒன்று கட்டுவதற்காக 3,75,000 வெள்ளி தருவதாக முன்வந்தபோது, பணத்தோடு நிபந்தனையையும் சேர்த்தே வைத்தார். நூல்நிலையம் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு இந்நாட்டு மக்கள் பேசும் பிற பாஷைகளின் நூல்களும் அங்கே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொடை கொடுப்பவர் தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் சொல்வதே உலக வழக்கமாயிருக்க, அடுத்தவருடைய பாஷைக்காக வாதாடிய இந்த நிபந்தனையைத்தான் கொடையைக் காட்டிலும் பெரிது என்று நான் மதிக்கிறேன்.

ஸ்டாம்ஃபோர்டு சாலையிலேயே அந்த இலவச நூல்நிலையத்துக்கு 1957 ஆகஸ்ட் 16இல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12இல் நாட்டின் தலைவரான யாங் டி பெர்துவான் நெகாரா யூசோஃப் இஸ்ஹாக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். வெள்ளை வெளேரென்ற அரும்பொருளகத்துக்கு அருகில் இந்தச் செங்கல் கட்டடத்தின் நிறம் பொருந்தவில்லை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தா வந்தார்கள்? நூலக இயக்குநர் ஹெட்விக் அனுவார் அம்மையாரின் நிர்வாகத்தில் மலாய், சீன, தமிழ் நூற்சேகரங்கள் வளர்ந்தன. அந்நாட்களில் புத்தகத்தின் உட்புறத்தில் ஒட்டிய சீட்டில் தவணைத் தேதியை முத்திரை குத்தித் தருவார்கள். அந்தச் சீட்டில் வரிசையாக இறங்கிவரும் ஊதாத் தேதிகளைப் பார்த்தாலே, நமக்கு முன் எத்தனை பேர் அதை எடுத்துப் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.

கட்டணமும் பாஷையும் தீர்ந்த பிறகும் தூரம் தீரவில்லை. ஜூரோங்கிலிருந்து ஸ்டாம்ஃபோர்டு சாலை வெகு தொலைவு. சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில் ஒழிய, ஆலைத் தொழிலாளி ஒருவர் ஒரு புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் பஸ்ஸில் பிரயாணம் செய்வாரா? தூரம் ஒரு தடை என்பதைத் தமிழகத்தில் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலக இயலின் பிதாமகர் சீ. இரா. அரங்கநாதனின் ஆதரவு அதற்கு இருந்தது. சிங்கப்பூரிலும் 1960இலேயே நடமாடும் நூலக வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும் வண்டி வந்து போகும் சற்று நேரத்தில் அவசர அவசரமாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள முடியுமேயன்றி, சாவகாசமாக அலமாரியைத் துழாவ முடியாது. 1970இல் குவீன்ஸ்டவுனில், பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைக்க, முதலாவது முழு நேரக் கிளை நூலகம் ஏற்பட்டது; 1974இல் தோ பாயோவுக்கு வந்தது. மேற்குக் கோடியில் இருந்த ஜூரோங், வரிசையில் பின்தங்கி நின்றது.

1988இல் ஜூரோங் ஈஸ்டுக்கு நூலகம் வந்த அதே ஆண்டின் நவம்பரில் எம்ஆர்டி ரயிலும் வந்து சேர்ந்தது. நகரத்துக்குப் போவது சுலபமான அதே ஆண்டில், புத்தகத்துக்காக நகரத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று! 1967இல் காலமான லீ கோங் சியான் இதைக் காணவில்லை. முழு நேரக் கிளை நூலகங்கள் எதையுமே அவர் காணவில்லை. 2004 மார்ச்சில், சுரங்கச் சாலைக்கு இடம் விடுவதற்காக, அவர் அடிக்கல் நாட்டிய செங்கல் நூலகம் எத்தனையோ பேருடைய ஆட்சேபங்களுக்கிடையே மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது; நுழைவாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் மிஞ்சின. அதே ஆண்டில் ஜூரோங் நூலகம் விரிவுபெற்று, 12,000 சதுர மீட்டர் பரப்புடைய வட்டார நூலகமாக மறுபடியும் திறக்கப்பட்டது.