ஏழு பேர்ச்சின் பக்க நீளம்: மலைச்சரிவில் சதுரப் பரப்புக் கணக்கு

மலையகக் காணியுரிமை பற்றிய விவாதங்களில் ஒரு ஒப்பீடு கேள்வியின்றிக் கையாளப்பட்டு வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா 120 சதுர அடி; ஏழு பேர்ச் காணி 1,905.75 சதுர அடி. ஆகவே தொழிலாளர் குடும்பத்தின் இடம் ஏறத்தாழ பதினாறு மடங்கு கூடியிருக்கிறது என்பது அதன் முடிவு. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் முதல் எண் கூரையின் கீழ் உள்ள சமதளத் தரையைக் குறிக்கிறது. இரண்டாவது, நில அளவை வரைபடத்தின் பரப்பை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது என்பதே என் வாதம்.

ஒரு பேர்ச் என்பது பக்கம் பதினாறரை அடி கொண்ட சதுரம். 66 அடி நில அளவைச் சங்கிலியின் காற்பங்கு நீளம் அது. அதன் பரப்பு 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சைச் சதுரமாக வகுத்தால் பக்கம் 43 அடி 8 அங்குலம் அளவில் வரும். பரப்பை விட்டு இந்தப் பக்க நீளத்தைப் பிடித்துக்கொண்டால்தான் சிக்கல் கண்ணில் படும்.

அளவையாளர் சரிவில் நாடாவைப் பிடித்தாலும் வரைபடத்தில் பதிவது கிடைமட்டத் தூரம். எனவே 20 பாகைச் சரிவில் ஏழு பேர்ச்சின் உண்மையான மண்மேற்பரப்பு 2,028 சதுர அடியாகிறது. உறுதியில் எழுதப்படாத 122 சதுர அடி, ஒரு லயக் காம்பரா அளவு, மேலதிகமாகக் கிடைத்துவிடுகிறது. இதைக் காட்டி, சரிவு குடும்பத்துக்கு ஆதாயமே என்று வாதிட இடமுண்டு. மரக்கறிப் பாத்தி போட அந்த வாதம் பொருந்தும். வீடு கட்டப் பொருந்தாது. சுவர் செங்குத்தாகவே எழும்பும், தரை மட்டமாகவே இருக்க வேண்டும்.

2015க்குப் பின் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் சேர்ந்தே பேசப்பட்டன. இந்திய உதவியுடன் எழுந்த வீடுகளின் அளவும் அதுவே; 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது அந்த அளவு மலையகம் முழுவதும் பழகிப்போயிருந்தது. 550 சதுர அடியைச் சதுரமாக்கினால் பக்கம் 23 அடி 5 அங்குலம். 20 பாகைச் சரிவில் இந்த அகலத்துக்கு மண்ணை வெட்டி மட்டமாக்கினால், தளத்தின் பின்விளிம்பில் எட்டரை அடி உயர மண்மேடு நிற்கும். அதை 45 பாகைக்குச் சாய்த்துவிட்டால் அதன் தலைப்பு இன்னும் பதின்மூன்றரை அடி மேலே போய்த்தான் மலையோடு சேரும். வீடும் மேடும் சேர்ந்து 37 அடி. எஞ்சுவது ஏழு அடிக்குக் குறைவு. முற்றமும் நடைபாதையும் அதற்குள் அடங்க வேண்டும். மேட்டின் அடியில் கான் வெட்டினால் அந்த அகலமும் இதிலிருந்தே போகும்.

30 பாகையில் நிலைமை தலைகீழ். அங்கே மேடு மட்டுமே 32 அடி எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 55 அடிக்கு மேல் தேவை. இருப்பதோ 43 அடி 8 அங்குலம். வரைபடத்தில் 1,905.75 சதுர அடி குறையாமல் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டை அதற்குள் வைக்க முடியவில்லை.

45 பாகை என்பது கணக்குக்கு எடுத்துக்கொண்ட சாய்வு. மண்ணின் தன்மை இடத்துக்கு இடம் மாறும், அதைச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் களப் பரிசோதனை. பாதி வெட்டி, வெட்டிய மண்ணால் மறுபாதியை நிரப்பினால் மேடு சிறுக்கும் என்பதும் உண்மை. ஆனால் நிரப்பிய மண் இறங்கும், முன்சுவரில் வெடிப்பு விழும். செங்குத்தாகக் கல்லுக்கட்டு எழுப்பினாலும் இடம் மிஞ்சும். அதற்கான செலவு யாருடையது? அந்தக் கேள்விக்குப் பதிலில்லாதவரை கல்லுக்கட்டு என் கணக்கைக் குலைப்பதாக நான் ஏற்கவில்லை. ஹட்டன் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில், கட்டு இல்லாத மேட்டிலிருந்து சேறும் தண்ணீரும் குசினிச் சுவருக்கே வந்துசேரும். பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில், மீரியபெத்தையை 2014 ஒக்டோபர் 29 அன்று மண் மூடிய பிறகு, பின்மேட்டை அற்ப விடயமாகத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

காணிகள் சதுரமாகவா வகுக்கப்படுகின்றன என்று கேட்கலாம். இல்லை. ஆனால் செவ்வகங்களுள் ஒரே பரப்புக்கு மிகக் குறைந்த சுற்றளவு சதுரத்துக்கே உண்டு. ஓரங்களுக்குப் போகும் இடமும் அங்கேதான் மிகக் குறைவு. நாற்புறமும் ஐந்தடி விட்டால் ஏழு பேர்ச் சதுரத்தில் உள்ளே 1,133 சதுர அடி தங்கும். அதே பரப்பு 30 அடி அகலமாக நீண்டிருந்தால் 1,070 மட்டுமே. பரப்பைப் பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பிலும் இதே சறுக்கல் உண்டு: பத்துப் பேர்ச்சின் பக்கம் 52 அடி 2 அங்குலம்தான். 30 பாகைச் சரிவில் அதுவும் போதாது.

வடிவத்தை மாற்றினால்? 550 சதுர அடியை 16 அடி ஆழமும் 34 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுமாக, மலையின் சமவுயரக் கோட்டை ஒட்டி வைத்தால், 30 பாகையிலும் 38 அடிக்குள் வீடும் மேடும் அடங்கிவிடும். குறுகிய ஆழம், நீண்ட முகப்பு: லயம் கட்டியவர்கள் கைக்கொண்ட வடிவம் இது. மண்வெட்டும் செலவைக் குறைக்கும் கணக்கு லயத்தின் வரிசைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று கருதுகிறேன். தனிவீட்டைச் சதுரத்தை ஒட்டி வரைந்தபோது, மலையை எதிர்கொள்ளும் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. லயத்தின் இழிவைக் கைவிட்டதோடு இதுவும் போய்விட்டது. முன்னையதைக் கைவிட்டது சரி. பின்னையதைக் கைவிட எந்தத் தேவையும் இருக்கவில்லை.

15 பாகைச் சரிவில் ஏழு பேர்ச் பெற்ற குடும்பத்துக்கு அதே சதுர வீடும் மேடும் 32 அடியில் முடிகின்றன. முன்னால் பதினோரடிக்கு மேல் மிஞ்சுகிறது. 30 பாகையில் அதே ஏழு பேர்ச் பெற்ற குடும்பத்துக்கு வீடே அடங்கவில்லை. இரண்டு உறுதிகளிலும் எண் ஒன்றே. காணி உறுதியோடு இணைக்கும் வரைபடத்தில் பரப்புடன் சரிவுப் பாகையும், சரிவின் திசையில் காணி எத்தனை அடி என்பதும் எழுதப்பட வேண்டும்; பகிர்வு சமமா என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சோதிக்க முடியும்.